பேட்டரி அல்ல

அதிகாலை நாலு பத்து.
ஈசூனில் கார்நிறுத்த மாடி, நாலாவது தட்டு.
பின்னால் ஐஸ்பெட்டிகளில்
நூற்று அறுபது பொட்டலம் தோசை மாவு,
பொறுமையாக.
அதன் பொறுமை ஆறு மணி வரைதான்.
அப்புறம் பொங்கும்.

சாவியைத் திருப்புகிறேன்.
ருர்ரு ருர்ரு ருர்ரு ருர்ரு.
சுற்றுகிறது, பிடிக்கவில்லை.
இன்னொரு தரம்.
சுற்றுகிறது, பிடிக்கவில்லை.

இரவு வேலை முடிந்து வந்த ஜுரைமி
மோட்டார் சைக்கிளைப் பூட்டிக்கொண்டே சொன்னார்,
"பேட்டரி லா."
தரை கழுவ வந்த பங்களாதேஷ் தம்பி
துடைப்பத்தை நிறுத்தி, "பேட்டரி, அக்கா."
கைப்பேசியில் பாதித் தூக்கத்தில் தனசீலன்:
"பேட்டரியாத்தான் இருக்கும்.
பேசாம ஸ்கிராப்புக்குப் போட்டுருவோம், மங்கை."
அவருக்கு எந்தப் பேச்சும்
அங்கே போய்த்தான் நிற்கும்.
சிஓஇ முடியப் பதினோரு மாதம் இருக்கிறது.
பதினோரு மாதம் என்பது
எத்தனை பொட்டலம் என்று எனக்குத் தெரியும்.

பேட்டரி செத்தால் டக் டக்கென்று முனகும்.
விளக்கு மங்கும்.
இது தொண்டை கிழியக் கத்துகிறது.
கத்தத் தெம்பிருக்கிறவளுக்கு
குறை வேறெங்கோ.

பெட்ரோல் முள் பாதியில்.
முள் பொய் சொல்லலாம், நேற்று ஊற்றிய ரசீது சொல்லாது.
சாவிப் படம் போட்ட சிவப்பு விளக்கு
மினுக்கி அணைந்தது.
சரி, திருடி இல்லை, நான்தான் என்று
வண்டிக்குத் தெரிகிறது.

பக்கத்து இருக்கையைத் தூக்கினால் எஞ்சின்.
இத்தனை வருஷம் அதன் தலைமேல்
என் கைப்பை உட்கார்ந்து வந்திருக்கிறது.
ஒரு பிளக்கைக் கழற்றி மோந்தேன்.
காய்ந்த மிளகாய் மாதிரி காய்ந்திருந்தது.
இவ்வளவு சுற்றியும் பெட்ரோல் வாசனை இல்லை.
இரும்பில் அதை ஒட்டிப் பிடித்து
ஜுரைமியைச் சாவியைத் திருப்பச் சொன்னேன்.
நீலமாய், நறுக்கென்று, பொறி.

ஆக,
நெருப்பு கையலம்பிவிட்டு
இலைமுன் உட்கார்ந்திருக்கிறது.
பரிமாற ஆள் வரவில்லை.

சாவியை ஒரு படி மட்டும் திருப்பி, கேட்டேன்.
டாங்கிப் பக்கமிருந்து
இரண்டு நொடிக்கு ஒரு ரீங்காரம் வரவேண்டும்.
அந்நேரம் பார்த்து
குடியிருப்பே புகார் எழுதிய குயில்
மழைமரத்தில் ஏறி ஏறிக் கூவியது.
"டியாம்," என்றார் ஜுரைமி, குயிலிடம்.
மூன்று பேரும் மூச்சை அடக்கினோம்.
ரீங்காரம் இல்லை.
தினமும் காதில் விழுந்து
ஒருநாளும் நான் கேட்டிராத ஒலி.

ஃபியூஸ் முழுசாக இருந்தது.
அதற்குப் பக்கத்தில் கறுப்பாய், கற்கண்டளவு
ஒரு ரிலே. பிடுங்கிக் குலுக்கினேன்.
உள்ளே ஏதோ கடகடத்தது.
நாலு காலில் ஒரு கால்
அடிப்பிடித்த பால்சட்டி நிறம்.

பதினைந்து வெள்ளிகூட இருக்காது.
ஆனால் சின் மிங்கில் கடை திறக்க ஒன்பதாகும்.
மாவு காத்திருக்காது, செராங்கூன் சாலையும் காத்திருக்காது.

டார்ச்சைத் தம்பி பிடித்தான்.
மூடியின் உட்புறப் படத்தில்
அதே எண், அதே நாலு கால், இன்னொன்று.
அதன்மேல் ஒரு குட்டி ஊதுகுழல்.
அதைப் பிடுங்கி இதில் செருகினேன்.

உம்ம்ம்.

இரண்டு நொடி.
அப்புறம் சாவியைத் தொட்டதும் பிடித்தது,
கூப்பிடக் காத்திருந்த மாதிரி.
ஜுரைமி வானைத் தட்டிக் கொடுத்தார்,
"பேட்டரி நல்ல பேட்டரி."
இரண்டு பொட்டலம் அவருக்கு, இரண்டு தம்பிக்கு.

"பேட்டரிதானே?" என்று
தனசீலன் செய்தி அனுப்பியிருந்தார்.
படித்தேன். நீலக்குறி விழட்டும்.

சிடிஇயில் மணல் லாரி ஒன்று
சிக்னல் போடாமல் என் தடத்துக்குள் சாய்ந்தது.
ஹாரனை அமுக்கினேன்.
பிளாஸ்டிக் அமுங்கியது, அவ்வளவுதான்.

கண்ணாடியை இறக்கி
நானே ஊதினேன்,
அடிவயிற்றிலிருந்து.

லாரி விலகியது.