பதினோராம் வரி

பெரம்பூர் ஸ்கேன் சென்டரில்
மாடிப்படிக்கு அடியில் என் சர்வர்.
இரவு இரண்டரைக்கு ஓடும் ஸ்கிரிப்டை
நான்தான் எழுதினேன், தெருவில் தண்ணீர் ஏறிய ஒருநாள், அவசரமாக:
ஒவ்வொரு கோப்பாய் எடு,
புது வட்டில் நகல் வை,
நகல் ஆனால் மட்டும் பழையதை அழி.

காலையில் லாக் சொன்னது:
ஜெசிந்தா: அப்படியொரு கோப்பு இல்லை.
மேரி: அப்படியொரு கோப்பு இல்லை.
இடது: அப்படியொரு கோப்பு இல்லை.
மார்பு.டிசிஎம்: அப்படியொரு கோப்பு இல்லை.

பத்தடி தள்ளி, மூன்றாம் நம்பர் டோக்கனோடு,
ஃபேனுக்கு நேர் கீழே இடம்பிடித்து
முழுசாக உட்கார்ந்திருந்தார் ஜெசிந்தா மேரி.
போன வருஷப் படத்தோடு ஒப்பிட வேண்டுமாம் டாக்டருக்கு.

எனக்குச் சுபேதா மேல்தான் கோபம் வந்தது.
கவுன்ட்டரில் அவள் கட்டைவிரல்
அந்த நீளப் பட்டனை விட்டு இறங்குவதே இல்லை.
போன மாதமே நோட்டீஸ் ஒட்டினேன்:
பெயரில் இடைவெளி கூடாது, அடிக்கோடு போடவும்.
இரண்டு நாள் போட்டாள்.
ரசீதிலும் அது அப்படியே அச்சாகி
அயனாவரத்துக்காரர் ஒருவர் கேட்டாராம்:
'என் பேருக்கும் எங்கப்பா பேருக்கும் நடுவுல
இந்தக் கோடு எதுக்கும்மா? ஏதாச்சும் பாக்கியா?'
மூன்றாம் நாள் மறுபடி வெளி.

'பலகைன்னு எழுதுனத பல கைன்னு படிச்சா
தப்பு எழுதுனவங்க மேலயா சார்?'
ஸ்டேப்ளரை அழுத்தியபடிதான் கேட்டாள்.

ஸ்கிரிப்டைத் திறந்தேன்.
பதினோராம் வரியில் டாலர் எஃப்
மேலுக்குத் துணியில்லாமல் நின்றது.
முன்னால் இரண்டு கீற்று, பின்னால் இரண்டு கீற்று.
மேற்கோள் போட ஒரு நொடி.
பிறகு அழிக்கிற இடத்திலும் போட்டேன்.
அங்கே விரல் கொஞ்சம் நின்றது:
'நகல் ஆனால் மட்டும்' என்று
அன்று மழையில் எனக்கு எப்படித் தோன்றியதோ.

மறுபடி ஓட்டினேன்.
ஆயிரத்துச் சொச்சம் பெயர்கள்,
மூச்சு விடுமிடங்களோடு,
உடையாமல் போய்ச் சேர்ந்தன.
நோட்டீஸைக் கிழித்தேன். நான்கு மூலையிலும்
செலோடேப் மட்டும் சுவரில் நின்றது.

'ஜெசிந்தா' என்று கூப்பிட்டாள் சுபேதா.
அதற்குள் எழுந்துவிட்டார் அந்தம்மா.
இருந்தாலும்
'மேரி' என்றும் சொல்லிவிட்டுத்தான்
அடுத்த டோக்கனைப் பார்த்தாள்.