குஞ்சம் வைத்த பூஜ்யம்

நிறைந்தால்தான் வண்டி புறப்படும்.
ஸுக்தீதி சந்தை வாசல், சனிக்கிழமை, மழை.
'குத்தாய்சி' என்று எழுதிய அட்டையைக்
கண்ணாடியில் சாய்த்துவிட்டு
இன்னும் பதினொரு பேருக்காகக் காத்திருக்கிறேன்.

பக்கத்தில் தேக்லே. மடியில் கணக்கு நோட்டு.
நோட்டில் 6013.
அதன் குறுக்கே டீச்சரின் சிவப்புக் கீறல்.

"எழுபத்து மூணு எழுதச் சொன்னாங்க.
எழுதினேன்."

எங்கள் பாஷையின் வாய் அப்படி.
எழுபது என்று அதற்குத் தனியாகச் சொல்ல வராது.
மூன்று இருபது, கூடவே ஒரு பதின்மூன்று:
ஸாமோட்ஸ்தாட்ஸாமெட்டி,
ஒரே மூச்சில்.
மூன்று இருபது அறுபது, எழுதினாள்.
பதின்மூன்று, அதையும் எழுதினாள்.
காது கேட்டதைக் கை செய்தது.
இதில் பிழை எங்கே என்று
இருபத்தொரு வருஷம் சில்லறை எண்ணிய எனக்கே
சட்டென்று சொல்ல வரவில்லை.

இருக்கைக்கு அடியில் ஒரு பை ஹேசல் பருப்பு.
அவள் அம்மா தரம் பிரிக்கும் ஆலையில் வாங்கியது.
திராட்சைக் கூழில் தோய்க்க
நூலும் ஊசியும் கூடவே இருந்தன.
"கோத்துக்கிட்டே வா. பத்து ஆனதும் முடிச்சுப் போடு.
அதுக்கு மேல நூல் தாங்காது."
பொய்தான்.
நூல் முப்பதுகூடத் தாங்கும்.

ஆறு சரம். பதின்மூன்று உதிரி.
"அறுபது. பதின்மூணு. நான் எழுதினது சரிதானே?"
நான் வைப்பரை ஓடவிட்டேன், நிறுத்தினேன்.
அவள் உதிரியைப் பார்த்தபடி இருந்தாள்.
பிறகு நான் சொல்லாமலே ஊசியை எடுத்தாள்.

"அப்பா, பதின்மூணுக்குள்ள ஒரு சரம் ஒளிஞ்சிருக்கு."

ஏழு சரம்.
மிச்சம் மூன்று, ஸ்டீயரிங்குக்கு முன்னால்.
லாரி ஒன்று கடந்ததில் ஒன்று உருண்டு
கிளட்ச் பக்கம் விழுந்தது.
பாலாடைக்கட்டி வாளியோடு ஏறிய ட்ஸியூரி
அதை எடுத்து ஊதி வாயில் போட்டுக்கொண்டாள்.
"எழுபத்து ரெண்டு," என்றாள் தேக்லே, முறைத்தபடி.

அடுத்தது நூற்று மூன்று.
இன்னும் சில சரம் கோத்தோம்,
பத்தையும் சேர்த்து ஒரே பின்னல்.
ஒரு பின்னல், மூணு உதிரி.
13 என்று எழுதினாள்.

"நடுவுல?"
"நடுவுல ஒண்ணுமில்லையே.
இல்லாததை எதுக்கு எழுதணும்?"

மாட்டிக்கொண்டேன்.
வாய்க்குள் பதில் தேடிக்கொண்டிருந்தபோது
ட்ஸியூரி எழுந்து, ரொட்டி வாங்கி வருவதாகச் சொல்லி,
தன் கம்பளித் தொப்பியை ஜன்னல் இருக்கையில் வைத்துவிட்டு
மழைக்குள் இறங்கினாள்.
உச்சியில் பச்சைக் குஞ்சம் வைத்த தொப்பி.
பின்னால் ஏறியவர் நல்ல பருமன்.
கையில் கோழிக்கூண்டு.
நேராக அந்த இருக்கைக்குத்தான் சாய்ந்தார்.

"அங்க ஆள் இருக்கு!"
"யாரும் இல்லையே, கண்ணு."
"தொப்பி இருக்கில்ல!"

அவர் நகர்ந்தார். கோழி திட்டியது.
தேக்லே மட்டும் திரும்பவில்லை,
தொப்பியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.
பென்சில் முனையைக் கடித்தாள்.
அப்புறம் ஒன்று.
அதன் அருகே ஒரு வட்டம்,
வட்டத்தின் தலையில் குஞ்சம்.
பிறகு மூன்று.

"இல்லன்னா மூணு நகர்ந்து வந்து
அங்க உட்கார்ந்துக்கும்ப்பா.
அப்புறம் நூறு, பத்தாயிடும்."

இருக்கை நிறைந்தது. அட்டையை எடுத்தேன்.
ரியோனி பாலம் வரை
பத்துச் சரப் பின்னல் கண்ணாடியில் ஆடிக்கொண்டே வந்தது.
இறங்குகிறவர்கள் எல்லாம்
அது என்ன விலை என்று கேட்டார்கள்.

செவ்வாயன்று நோட்டு திரும்பி வந்தது.
நூற்று மூன்றுக்குச் சரி போட்டு,
குஞ்சத்தை மட்டும் சிவப்பில் சுழித்திருந்தார் டீச்சர்,
பக்கத்தில் ஒரு கேள்விக்குறி.

கீழே, தொண்ணூற்று இரண்டுக்கு,
8012.

ஊசியை எங்கே வைத்தேன்
என்று தேடிக்கொண்டிருக்கிறேன்.