நனைந்து காயும் இடம்

தேசிங்கு முதலில் சுத்தியலைத்தான் கேட்டார்.
ஒப்பந்தக்காரர் கொடுத்தனுப்பிய மீட்டர்
பெட்டிக்குள்ளேயே கிடந்தது.

கடல் பாலத்தின் வயிற்றுக்குக் கீழே படகு ஆடுகிறது.
தண்ணீர் தெண்டி ஓடுகிறது, கலங்கல்.
என் மடியில் அளவுப் புத்தகம்,
காற்று புரட்டாமலிருக்க
அதன்மேல் எவர்சில்வர் டப்பா.

ஒன்றாம் தூண். டங்.
"இருக்கட்டும்" என்றார். வெள்ளைச் சாயம்.
இரண்டு. டங்.
மூன்றாவது
நனைந்த மூட்டையைத் தட்டினதுபோல் ஒரு சத்தம்.
சிவப்பு.

வெள்ளை என்றால்
கொட்டலசைச் சுரண்டி, துருவைத் தேய்த்து
புதுச் சட்டை மாட்டுவது.
சிவப்பு என்றால்
மணல்மட்டத்தில் அறுத்துத் தூக்குவது.
மூன்றாவது நிறம் எங்களிடம் இல்லை.

பதினேழில் முழுகினார். நேரமாயிற்று.
குமிழி மட்டும் வந்துகொண்டிருந்தது.
எழுந்து, வாயிலிருந்த ரப்பரைத் துப்பிவிட்டுச் சொன்னார்:
"கீழ நல்லாருக்கும்மா, பாசியும் ஆளியுந்தான்.
மேலயும் பழுதில்ல.
நடுவுலதான் போச்சு."

நடுவில் என்றால்
அலை ஏறினால் நனைந்து
இறங்கினால் காய்ந்து
காய்ந்து முடிப்பதற்குள் மறுபடி நனைகிற
இரண்டு முழப் பட்டை.
உப்பு அந்த வழியாகத்தான் உள்ளே போகும்.
கம்பி வீங்கி
காரையைத் தோளால் தள்ளும்.

தினக்கூலிப் பட்டியலில் எனக்குப் பதினொரு வருஷம்.
நிரந்தரம் ஆக்கவும் இல்லை, நிறுத்தவும் இல்லை.
அவரிடம் அதையெல்லாம் சொல்லவில்லை.
பதினேழு, சிவப்பு
என்று எழுதினேன்.

வம்பாகீரப்பாளையத்து இருசப்பன்
தூண்டில் கயிறு கால் கட்டைவிரலில் சுற்றியிருக்க
கட்டுமரத்தை ஒட்டிக்கொண்டு வந்தார்.
பாலம் போகப்போகிறதே என்று
வருத்தப்படுவார் என நினைத்தேன்.
"எந்த எந்தத் தூணு?" என்றார்.
காட்டினேன்.
"அறுத்தா வேரோட அறுங்க.
போன தடவை வுட்ட மொட்டையில
மருமவன் படகு அடி கிழிஞ்சுது.
இஞ்சின் போனது போனதுதான்."

"மணல்மட்டத்துல அறுக்கறாங்களே."
"எந்த மாச மணலு?"

படகில் யாரும் பேசவில்லை.
ஐப்பசியில் ஆள் உயரம் இறங்கும் மணல்
மாசியில் வந்து மூடிக்கொள்ளும் என்பது
ஒப்பந்தத்தின் நாற்பத்திரண்டு பக்கத்தில்
எங்கும் இல்லை.
குறிப்புப் பத்தியில் எழுதினேன்:
மட்டத்துக்கு இரண்டு மீட்டர் கீழே அறுக்க வேண்டும்.
கையெழுத்துக்கு முன் 'பணிந்து' என்று சேர்த்தேன்.
அடித்தால் அதை மட்டும் அடிப்பார்கள் என்ற நம்பிக்கை.

வெள்ளிக்கிழமை கிரேன் வந்தது.
கஜபதி நெம்புகோலை இழுக்க
பதினேழு பல் பிடுங்குவதுபோல் அல்ல,
தூங்குகிற ஆளை எழுப்புவதுபோல்
முனகி முனகி எழுந்தது.
அடிப்பாகம் கறுத்து, ஆளி மண்டி, திடமாக.
நுனி திடமாக.
இடையில் மட்டும்
அரைஞாண் கட்டிய தழும்புபோல் ஒரு சுற்று.

அது நின்ற இடத்தில்
தண்ணீர் ஒரு குழியைக்கூடக் காட்டவில்லை.
கடற்கரைச் சாலையில் இருந்தவர்கள்
போனை எடுத்தார்கள், பிறகு உள்ளே வைத்தார்கள்.

கரைக்குத் திரும்புகையில்
தேசிங்குவின் சுத்தியல் என் பக்கத்தில் கிடந்தது.
எதற்கென்று தெரியாமல் எடுத்து
சாப்பாட்டு டப்பாவைத் தட்டினேன்.

டங்.

காலியான டப்பா.
அதனிடமிருந்துதான் இத்தனை நல்ல சத்தம்.
பதினைந்து தூண்களுக்கு
வெள்ளை அடித்திருக்கிறோம்.
நாளைக்கு அந்த மீட்டரைப் பிரிக்கச் சொல்ல வேண்டும்.