அலை அட்டவணையின் பின்பக்கத்தில் பேராயருக்கு

பேராயர் அம்மா,
தாள் தீர்ந்துவிட்டது.
போன மாதத்து அலை அட்டவணை இது,
பின்பக்கத்தில் எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.
என் பெயர் ஆல்டன் கோர்க்கம்.
நோவா ஸ்கோஷியாவில், காகமுனைத் துறையில்,
புனித பர்னபா ஆலயத்தின் சாவி என்னிடம் இருக்கிறது.
நீங்கள் வந்த ஞாயிறு உங்கள் காரைச்
சேற்றிலிருந்து தள்ளியவன் என்றால் நினைவு வரலாம்.

அன்று பிரசங்க பீடத்தில்
பாவம் என்ற சொல் ஒருமுறையும் படாமல்
இருபத்திரண்டு நிமிடம் பேசினீர்கள்.
பயணம் என்றீர்கள். கதை என்றீர்கள்.
அவரவர் உண்மை என்றீர்கள்.
இறால் கூண்டில் தப்பி வந்த விலாங்குபோல
ஒவ்வொரு சொல்லும் கைக்குள் வந்து வழுக்கிப் போனது.
திருமணத்தைப் பற்றி நான் எழுந்து கேட்டபோது
திருச்சபை இன்னும் செவிகொடுத்துக்கொண்டிருக்கிறது என்றீர்கள்.
யாருக்கு, அம்மா?

எங்கள் துறைவாயிலில் ஒரு பாறை உண்டு.
தண்ணீர் ஏறினால் தெரியாது.
அதைக் காட்ட ஒரு சிவப்பு மிதவை.
படகு திருப்ப இடைஞ்சல் என்று
ஒரு வருடம் அதை நாற்பதடி தள்ளிக் கட்டினார்கள்.
எல்லோருக்கும் வசதி.
பாறைக்கு மட்டும் யாரும் தகவல் சொல்லவில்லை.
நவம்பரில், வெண்டலின் படகு.

இரண்டாம் வரிசையில் லோரனும் எவரெட்டும்
சேர்ந்து உட்காருவதைப் பார்த்திருப்பீர்கள்.
என் மனைவி கீமோவில் கிடந்த குளிர்காலம் முழுக்க
எங்கள் வாசல் பனியை வாரியவன் எவரெட்.
அவர்களை வெளியே போ என்று சொல்ல எனக்கு வாயில்லை.
ஆனாலும் நான் நம்புவது நம்புவதுதான்.
இது சரியல்ல என்று எவரெட்டிடம் நேரில் சொன்னேன்,
அவனுடைய சமையலறையில், தொப்பியைக் கழற்றிக்கொண்டு.
மூன்று வாரம் அவன் என்னோடு பேசவில்லை.
பனியை மட்டும் வாரினான்.

உங்களோடு எனக்கு வேறு வழக்கு.
வேதத்தின்மேல் கைவைத்து நீங்கள் வாக்குக் கொடுத்தீர்கள்.
இப்போது நம்பவில்லையென்றால்
நம்பவில்லை என்று சொல்லி அங்கியைக் கழற்றுங்கள்,
மதிப்பேன்.
அங்கியும் வேண்டும், வாக்கு வேண்டாம் என்றால்
மேய்ப்பன் கோலை எதற்குப் பிடித்திருக்கிறீர்கள்,
புகைப்படத்துக்கா?

இதுவரை எழுதிவிட்டுத் தேநீர் வைக்க எழுந்தேன்.
தண்ணீர் கொதிக்க நேரமாகிறது,
அதற்குள் மார்னி ஞாபகம்.
எங்கள் பழைய குருவானவரின் மனைவி.
அவர் அவளை விட்டுவிட்டு
பாடகர் குழுவில் இருந்த இன்னொருவன் மனைவியோடு போனார்.
நாங்கள் என்ன செய்தோம்?
வழியனுப்பு விருந்து வைத்தோம்.
எலுமிச்சைப் பை, பரிசாக ஒரு நல்ல தூண்டில்.
பணம் வசூலித்தவன் நான்.
மார்னி ஆறு மாதம் கடைசி வரிசையில் உட்கார்ந்தாள்.
பிறகு காணோம்.
எந்த வசனமும் அப்போது எங்கள் வாயில் வரவில்லை.
அந்த வருடம் மிதவையை நகர்த்தியது
தலைநகரத்து ஆட்கள் அல்ல.

மேலே உள்ளதை அடித்துவிட நினைத்தேன்.
பேனா போகவில்லை.
அதனால் உங்கள்மேல் என் வழக்கு தள்ளுபடி என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.
வழக்கு ஒன்று கூடியிருக்கிறது, அவ்வளவுதான்.

மார்ச்சில் வாக்கெடுப்பு.
பிரிந்து போவோம் என்று பதினாறு பேர்,
இருப்போம் என்று பதினாறு பேர்.
நான் இன்னும் கை தூக்கவில்லை.
கட்டடம் திருமண்டலத்துக்குச் சொந்தம் என்று
உங்கள் வக்கீல் எழுதியிருக்கிறார்.
இருக்கட்டும். கேட்டால் சாவியைத் தபாலில் அனுப்புகிறேன்.

ஒன்று மட்டும்.
பக்கக் கதவு கடல் ஈரத்தில் ஊதியிருக்கிறது.
யார் வந்தாலும் உதைத்துத் திறக்கவேண்டாம்.
கைப்பிடியைக் கொஞ்சம் மேலே தூக்கி
தோளைக் கொடுக்கவேண்டும்.