தான்

சூதாட்ட மாளிகையின் பின்வாசல், இரண்டாம் கதவு.
பெயர்ப்பலகை இல்லை.
என் மேசை, ஒரு கட்டுப் படிவம், நீல மைப் பேனா.
நோவா கோரித்சாவில் இந்த அறைக்கு வருகிறவர்கள்
யாரிடமும் வழி கேட்பதில்லை.

படிவத்தின் தலையில் ஒரே சொல்: சமோப்ரெபோவெத்.
ப்ரெபோவெத் என்றால் தடை. அதில் சிக்கல் இல்லை.
சமோதான் வழுக்கும்.
சமோ என்றால் தான்.
தன்னை, தானாக என்பதில் இருக்கிற தான்;
ஒன்றுதான், அவ்வளவுதான் என்பதில் இருக்கிறதும்.
சமோ என்கிராத், ஒரு தடவைதான்.
இங்கே வருகிற எல்லோரும்
அந்தச் சொல்லை வைத்துத்தான் கடன்பட்டார்கள்.
இருபது யூரோதான். விடியும்வரைதான்.
வால்போல ஒட்டிக்கொண்டு வந்த தான்
இந்தக் காகிதத்தில் முன்னால் வந்து நிற்கிறது,
தன் பெயரைத் தானே எழுத.

சில்வெஸ்டர் கோமெல் வந்தது செர்ரிப் பழக் காலத்தில்.
நகக்கண்ணில் சிவப்பு.
பிர்தா மலைச்சரிவில் தோட்டம், பாதி வங்கியினுடையது.
"ஆறு மாதமா, ஓராண்டா, மூன்றாண்டா?"
மருந்துக்கடையில் கேட்பதுபோலத்தான் கேட்பேன்.
"ஆறு," என்றார். பேனாவை எடுத்தபின், "இல்லை, ஓராண்டு."
கையெழுத்து கட்டத்தைத் தாண்டி ஓடியது.
வாசல் காவலர்களுக்காகப் படம் எடுத்தேன்.
சிரிக்கலாமா என்று கேட்டார்.
சட்டத்தில் அதைப் பற்றி ஒன்றும் இல்லை என்றேன்.

நாற்பத்தோராம் நாள் திரும்பி வந்தார்.
மழித்த முகம், இஸ்திரி போட்ட சட்டை.
"எழுதியவன் நான். கிழிக்கிறவனும் நானாக இருக்கக் கூடாதா?"
கணினி ஏற்காது என்று சொல்லியிருக்கலாம்.
வாயில் வந்தது வேறு:
"எழுதியவர் என் வாடிக்கையாளர்.
நீங்கள் யாரென்று எனக்குத் தெரியாது."
கதவை அறைந்து சாத்திவிட்டுப் போனார்.
பேனாவும் போயிற்று.

இந்த ஊரில் எல்லைக்குப் பஞ்சமில்லை.
போர் முடிந்ததும் யாரோ வரைபடத்தின்மேல் கோடு இழுத்தார்கள்.
வீட்டுக்கும் மாட்டுக்கொட்டிலுக்கும் நடுவே போனது அது.
மீரென் கல்லறைத் தோட்டத்துக்குள்ளும் புகுந்தது;
தலை ஒரு நாட்டில் கால் ஒரு நாட்டில்
படுத்தவர்கள் உண்டு என்பார்கள்.
செத்தவர்களையும் கேட்கவில்லை, எங்களையும் கேட்கவில்லை.
இப்போது ரயில் நிலையச் சதுக்கத்தில் ஒரு வட்டத் தகடு மட்டும்.
பிள்ளைகள் இருபுறமும் கால் வைத்துப் படம் எடுக்கிறார்கள்.

என் படிவம் அந்தத் தகடுவரைதான் செல்லும்.
அப்பால், இத்தாலிப் பக்கத்துக் காபிக்கடைகளில்
மூலைக்கு மூலை மினுங்கும் எந்திரங்களுக்கு
எங்கள் மொழி படிக்கத் தெரியாது.

அக்டோபரில் அவரை அங்கே பார்த்தேன்.
புர்யா காற்று அடித்த நாள், குப்பைத்தொட்டிகள் உருண்டன.
தகட்டுக்கு இந்தப் பக்கம், சைக்கிளைப் பிடித்தபடி நின்றார்.
கூடையில் ரொட்டி, ஒரு கட்டு வெங்காயத்தாள்.
நான் கேட்காமலே, "இரண்டு முறை போனேன்," என்றார்.
"எழுபது. அப்புறம் நூற்றுப்பத்து."
மூக்கைத் துடைத்துக்கொண்டார்.
"இந்தப் பக்கம் என்னை உள்ளே விடமாட்டார்கள்.
அது உங்கள் காகிதம்.
அந்தப் பக்கம் விடுவார்கள்.
அங்கே போகாத நாள்தான் என் கணக்கு."

எத்தனை நாள் என்றேன்.
"இன்றோடு நான்கு."
தகட்டைப் பார்த்தார், கடையைப் பார்த்தார்.
"இன்று இன்னும் முடியவில்லையே. மூன்று."

சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து நீட்டினார்.
மூடியெல்லாம் பல் தடம்.
வைத்துக்கொள்ளுங்கள் என்றேன்,
அலுவலகச் சொத்து என்பதை மறந்து.

சைக்கிளைத் திருப்ப அவருக்கு நேரம் பிடித்தது,
காற்று எதிரே நின்றது.
ஏறி உட்கார்ந்து, தெரு திரும்பும் இடத்தில்
மணியை அடித்தார்.
ஒரு தடவைதான்.