நகல்: மனுதாரருக்கு

காலையில் என் விரலை
அந்தக் கருவி நம்புவதில்லை.
பனியில் ரேகை சுருங்கிவிடுகிறது.
எதிர்க்கடை டீ கிளாஸை இரண்டு கையாலும் பொத்திச்
சூடேற்றி மறுபடி வைத்தால்
‘நன்றி’ என்கிறது பெண்குரலில்.
அப்போது மணி பத்து ஏழு.
இப்படி மூன்று சேர்ந்தால் அரைநாள் விடுப்பு போகும்.

மாலையில் அப்படியில்லை.
ஐந்தே முக்காலுக்கு முதல் தொடுகையிலேயே
ஒப்புக்கொண்டு வழியனுப்பிவைக்கிறது.
வழியனுப்பப்பட்டவள்
திரும்பிவந்து உட்காருகிறேன்.
கணக்குப்படி நான் இப்போது வீட்டில் இருக்கிறேன்.
குக்கர் வைத்துவிட்டேன்.
தர்ஷனுக்குப் பின்னப் பெருக்கல் சொல்லித்தருகிறேன்.
இங்கே யாரோ ஒருத்தி
பட்டா மாறுதல் கோப்புக்குப்
பக்க எண் போட்டுக்கொண்டிருக்கிறாள்.

சித்திரையில் ஒரு சுற்றறிக்கை வந்தது:
‘நெகிழ்வான பணிநேரம்.’
ஹெலன் பிரேமலதா இரண்டு முறை வாசித்தாள்.
குழந்தையை அங்கன்வாடியில் விட்டுவிட்டு
நிதானமாக வரலாம் என்றாள்.
நெகிழத்தான் செய்தது,
மாலைப் பக்கமாக மட்டும்.

ஐப்பசியில் மண் சரிந்த வாரம்
மூன்று இரவு கட்டுப்பாட்டு அறையில் இருந்தேன்.
எந்த வளைவில் மரம்
எந்த லைனில் கூரை
எவர் வீட்டுப் பின்சுவர்
எல்லாம் நேரத்தோடு குறித்தேன்.
நாலாம் நாள் காலை விரல் வைத்தேன்.
‘மீண்டும் முயலவும்.’

அன்றைக்குத்தான் ஆரம்பித்தது.
தினசரித் தாளைக் கிழிக்கும்போது
பின்பக்கத்தில் எழுதிவைப்பேன்.
ஒன்று பத்து. ஐம்பது நிமிடம். இரண்டு இருபத்தைந்து.

சோலூர்மட்டம் வண்டி ஆறு ஐம்பதுக்கு.
கண்டக்டர் ஆல்துரை
எங்கள் ஜன்னலில் விளக்கு எரிகிறதா பார்த்துவிட்டுத்தான்
விசில் கொடுப்பார்.
மூன்று நிமிடம், சில நாள் நாலு.
அதை டிப்போவில் யாரும் அவருக்குத் தருவதில்லை.
அதையும் எழுதியிருக்கிறேன்
தனித்தாளில், அவருக்குத் தெரியாமல்.
நான் இறங்கி நடக்கிற சரிவில்
கோயில் எண்ணெய்க்குக் கரடி வரும்.
இந்த நேரம்தான் என்று
அதற்கும் கிடையாது.

மறு ஐப்பசியில் கூட்டிப்பார்த்தேன்.
நானூற்றுப் பதினோரு மணி இருபது நிமிடம்.

ஒரு திங்கட்கிழமை
என் விடுப்பில் ஒன்றைச் செலவழித்து
ஊட்டிக்குப் போய் மனு வரிசையில் நின்றேன்.
எனக்கு முன்னால்
காட்டுமாடு மேய்ந்த கேரட் நிலம்,
பின்னால் நின்றுபோன பென்ஷன்.
வாங்கியவர் மூக்குக்கண்ணாடியை ஏற்றி
மனுவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்,
சீட்டில் எண் போட்டுக் கொடுத்தார்.

பதினோராம் நாள் அது
வட்டாட்சியர் மேசை வந்து
தலைமை எழுத்தர் மேசை தாண்டி
என் மேசைக்கு வந்துசேர்ந்தது.
‘தங்கள் பிரிவைச் சார்ந்தது.
இன்றே பதில் வைக்கவும்.’
சிவப்பு மை இன்னும் காயவில்லை.
மணி ஐந்து ஐம்பது.

விரல் வைத்துவிட்டுத் திரும்பிவந்தேன்.
மனுதாரர்: செ. புவனசெல்வி, இளநிலை உதவியாளர்.
‘விதிகளில் இடமில்லை’ என்று
எத்தனை பேருக்கு அடித்த கை இது.
முதல் வார்த்தை வந்தது.
அடுத்ததற்குக் கை போகவில்லை.
ஹெலன் டிபன்பாக்ஸைக் கழுவிக்கொண்டே
‘உனக்கு நீயே இல்லைன்னு எழுதிக்கப்போறியா’ என்றாள்.
சிரித்தோம். கொஞ்சம் அதிகமாகவே.

அழித்துவிட்டு அடித்தேன்:
‘விசாரித்ததில்
மனுதாரர் கூறுவது உண்மை எனத் தெரியவருகிறது.
இப்பதிலும் அலுவலக நேரத்துக்குப் பின்னர்
மனுதாரராலேயே தட்டச்சு செய்யப்படுகிறது
என்பது பணிந்து தெரிவிக்கப்படுகிறது.’

கையெழுத்துக்கு உள்ளே போயிருக்கிறது.
வராமலும் போகலாம்.
ஒரு நகல் எனக்கு வேண்டும்.
கீழே ஹாரன், ஒரே ஒரு தடவை.
ஜெராக்ஸ் மெஷின் இந்தக் குளிரில்
சூடாகி எழுந்திருக்க
இன்னும் நாலு நிமிடம் ஆகும்.