எஞ்சின் சுட்ட தழும்பு

கோரிமேட்டில் சீட்டுப் போட்டு
தோல் பிரிவு வாசலில் உட்காரும்போது மணி எட்டு.
மடியில் மிருதுளா.
மே மாத வெயிலில் தலையில் கம்பளிக் குல்லா.

குல்லா என் மாமியார் வாங்கியது.
நெற்றிக்கு மேலே ஒரு கொத்து முடி
பிறந்த அன்றே வெள்ளை,
அதற்குக் கீழே தோலிலும் ஒரு முக்கோணம்,
காலில் இரண்டு திட்டு.
கிரகணத்தன்று வாசலுக்குப் போனாய் என்றார்.
சுறாப்புட்டு தின்ற வாயோடு மோர் குடித்தாய் என்றார்.
குடித்தேன்தான். தாகம்.
தேவனாம்பட்டினத்தில் எங்கள் தெருவில் இரண்டு வீடு
எனக்கென்று தனி டம்ளர் வைத்தது.

டாக்டர் பிலோமின் என்னைவிடச் சின்னவள்.
குல்லாவைக் கழற்றி என் கையில் கொடுத்தாள்.
"பிறந்தப்பவே இருந்ததா, அப்புறம் வந்ததா?"
பிறந்தப்பவே.
"பரவுதா?"
இல்லை. பிள்ளை வளர்ந்த அளவுக்கு அதுவும் வளர்ந்தது.
"அப்போ இது வெண்புள்ளி இல்லை."
பஞ்சை முறுக்கி வெள்ளையின்மேல் இழுத்தாள்.
மிருதுளா கூச்சத்தில் நெளிந்து சிரித்தாள்.
"உணர்ச்சி இருக்கு. நீங்க பயந்ததும் இல்லை."

உடம்பெல்லாம் வெளுத்து வெளிச்சத்தில் கண் கூசும் பிள்ளைகள் வேறு,
நீலக் கண்ணோடு காது கேளாமல் பிறப்பதும் வேறு என்று
பேசிக்கொண்டே பின்னால் போய்
ஒரு தட்டு தட்டினாள் கையை.
மிருதுளா சட்டென்று திரும்பினாள்,
கருவிழி இரண்டும் கன்னங்கரேலென்று.
அந்தத் திரும்பலுக்கு நான் அழுதேன்.
ஏன் என்று அவள் கேட்கவில்லை.

பிறகு ஜன்னலைச் சாத்தி ஊதா விளக்கு.
பிள்ளை இப்போது தனவேலு மடியில்.
நெற்றி முக்கோணம் இருட்டில் சுண்ணாம்பாய் எரிந்தது.
காலைப் பார்க்க விளக்கைத் தாழ்த்தினாள்.
பிள்ளையின் காலில் இரண்டு திட்டு.
அதற்குக் கீழே,
மடித்துக் கட்டிய கைலிக்குக் கீழே,
மூன்றாவதாக ஒன்று.

படகு எஞ்சின் சுட்ட தழும்பு அது.
கல்யாணமான மாதம் சொன்னது.
ஏழு வருஷம் தேங்காயெண்ணெய் தடவியிருக்கிறேன்.
சுட்ட தோல் சுருங்காமல் இவ்வளவு வழவழப்பா என்று
விரல் ஒருநாளும் கேட்கவில்லை.
ஓரம் அதே ஓரம்.
நடுவில் தீவு தீவாக அதே மாநிறப் பொட்டுகள்.

டாக்டர் விளக்கை அங்கேயே நிறுத்தினாள்.
"முன்முடிக்குச் சாயம் எத்தனை வருஷமா?"
"பதினாறு வயசிலேர்ந்து" என்றார்,
என்னிடம் இல்லை, சுவரிடம்.
ஞாயிற்றுக்கிழமை சலூன்.
காது மடலில் போகாத கறுப்பு.
மீன் ஏலத்து மை என்று நினைத்திருந்தேன்.

வியாதி இல்லை, தொத்தாது, மருந்தும் தேவையில்லை.
வெள்ளைத் தோலில் மட்டும் வெயில் படாமல் பார்க்கணும்.
அடுத்த பிள்ளைக்கு வரலாம், வராமலும் போகலாம்,
பாதிக்குப் பாதி என்று எழுதிக் கொடுத்தாள்.
எழுத்து புரியவில்லை.
பாதி மட்டும் புரிந்தது.

தவளக்குப்பம் தாண்டும்வரை பேசவில்லை.
கன்னியக்கோயிலில் பஸ் நின்றபோது
சுண்டல் வாங்கி நீட்டினார். வாங்கிக்கொண்டேன், பசி.
மிருதுளா தூங்கிவிட்டாள்.
ஜன்னல் காற்றில் அந்த வெள்ளைக் கொத்து
என் தாடையைத் தொட்டுத் தொட்டு விலகியது.
குல்லா எங்கே என்று தேடினார்.
ஆஸ்பத்திரி பெஞ்சிலேயே விட்டிருப்பேன் போல.

பெண்ணையாற்றுப் பாலம் ஏறும்போது கேட்டேன்:
"உங்கம்மாவுக்குத் தெரியும்தானே?"
தலையை அசைத்தார்.
ஆமாம் என்றா, பாலத்து மேடுபள்ளமா,
தெரியவில்லை.
"நீங்க சொல்றீங்களா, நான் சொல்லவா?"
கீழே ஆற்றில் தண்ணீர் இல்லை.
மணலில் யாரோ வண்டி ஓட்டப் பழகிக்கொண்டிருந்தார்கள்.